தடுத்தவரின் கணக்கு

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16-ஆம் தேதி கொல்கத்தாவில் கால்பந்து ரசிகர்கள் வரிசையில் நின்று ரத்த தானம் செய்கிறார்கள். அந்த நாளைக் கால்பந்து ரசிகர்கள் தினமாக அங்கே அனுசரிக்கின்றனர். 1980-இல் அதே தேதியில் ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் கல்கத்தா லீக் ஆட்டம் ஒன்றில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. ஆட்டம் பார்க்க வந்தவர்களில் 16 பேர் வீடு திரும்பவில்லை.

அந்தத் துயரம் எதில் தொடங்கியது என்று கேட்டால் பழைய ரசிகர்கள் அனைவரும் ஒரே காட்சியைத்தான் சொல்வார்கள். இரண்டாம் பாதியில் மோகன் பகானின் இடப்பக்க விங்கர் பிதேஷ் போஸை ஈஸ்ட் பெங்காலின் தடுப்பாட்டக்காரர் திலீப் பாலித் முரட்டுத்தனமாகச் சாய்த்தார். போஸ் திருப்பித் தாக்கினார். நடுவர் சுதீன் சாட்டர்ஜி இருவருக்கும் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார். பார்வையாளர் மாடத்தில் கைகலப்பு மூண்டது. கல்லெறி, ஓட்டம், நெரிசல், மரணம். நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த 16 உயிர்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அந்தத் தடுப்பாட்டக்காரரின் பெயரும் உடன் எழுகிறது.

நான் கால்பந்து விமர்சகன் அல்லன். கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்று, தருமபுரி மாவட்டம் ஏரியூரில் வசிப்பவன். ஆனால், ஒருவர் செய்த வேலையை எதைக்கொண்டு அளப்பது, பலர் சேர்ந்து உண்டாக்கிய விளைவில் ஒருவருடைய பங்கை எப்படிப் பிரித்தெடுப்பது என்பவை என் துறையின் தீராத கேள்விகள். டெர்பி எனப்படும் பரம்பரைப் போட்டியாளர்களின் ஆட்டத்தில், எல்லைக்கோட்டோரம் ஒரு விங்கரும் அவரைத் தடுக்க நிறுத்தப்பட்டவரும் நடத்தும் தனிப்போரை நாம் மதிப்பிடும் விதத்தில் இந்த இரு கேள்விகளுமே அடங்கியிருக்கின்றன. அந்த மதிப்பீட்டில் பெரும்பாலும் அநீதியே நிகழ்கிறது என்பது என் கருத்து.

முதலில் அந்தத் தனிப்போரின் இயல்பைப் பார்க்க வேண்டும். விங்கர் பத்து முறை முயன்று ஒன்பது முறை பந்தை இழக்கலாம். பத்தாவது முறை தடுப்பவரைத் தாண்டிச் சென்று பந்தைக் கோல்முகத்துக்கு அனுப்பி, அது கோலாகிவிட்டால் அன்றைய நாயகர் அவரே. அவரைத் தடுப்பவருக்கு நேர் எதிரான கணக்கு. ஒன்பது முறை வென்றதை எவரும் எழுதி வைப்பதில்லை. பத்தாவது முறை தோற்றது மறுநாள் நாளிதழில் படமாக வருகிறது. ஒருவருடைய வெற்றிகள் எண்ணப்படுகின்றன, மற்றவருடைய தோல்விகள் எண்ணப்படுகின்றன. இருவரையும் ஒரே தராசில் நிறுத்தினோம் என்று எப்படிச் சொல்வது?

உலகத்தின் மனப்போக்கும் இதுதான். 1956-இல் தொடங்கிய பாலன் தோர் விருதைத் தடுப்பாட்டக்காரர்களில் பெற்றவர்கள் மூவர் மட்டுமே: பெக்கன்பவர், மத்தியாஸ் சாமர், 2006-இல் ஃபேபியோ கன்னவாரோ. அவருக்குப் பிறகு ஆடவர் பிரிவில் அவ்வரிசையில் ஒருவருமில்லை. சந்தை விலையும் அப்படியே. 2017-இல் நெய்மாருக்குக் கொடுக்கப்பட்ட விலை 22.2 கோடி யூரோ. இரண்டாண்டுகள் கழித்துத் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அதுவரை கொடுக்கப்பட்டவற்றுள் மிக உயர்ந்த விலை என்று ஹாரி மகுவையரின் பெயர் பேசப்பட்டபோது அத்தொகை 8 கோடி பவுண்டு. இருவருக்கும் ஆடுகளம் ஒன்றுதான், நிமிடங்கள் தொண்ணூறுதான்.

காரணம் எளிது. தடுப்பவர் உற்பத்தி செய்வது 'நிகழாமை'. நிகழாத ஒன்றை எண்ணுவது கடினம். எங்கள் ஒன்றியத்தின் ஓரத்தில் மேட்டூர் நீர்த்தேக்கம் தளும்பி நிற்கிறது. அணை நிரம்பும் காலத்தில், இரவெல்லாம் விழித்திருந்து எப்போது எவ்வளவு நீரைத் திறப்பது என்று கணக்கிடும் பொறியாளரின் பெயர் கீழே உள்ள ஊர்களில் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளம் புகுந்தால்தான் அவரைத் தேடுவார்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு நெருக்கமான ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு ஸ்ரீகண்டீரவா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம். சென்னையின் எஃப்.சி.யும் பெங்களூரு எஃப்.சி.யும் மோதின, தென்னிந்திய டெர்பி என்று அதற்குப் பெயர். ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூருவின் வலப்பக்க விங்கர் உதாந்தா சிங் அனுப்பிய பந்தை சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிக் கோலாக்கினார். உதாந்தாவின் பக்கத்தைக் காக்க வேண்டியவர் சென்னையின் ஜெரி லால்ரின்சுவாலா. இருபது வயது நிரம்பாத மிசோரம் இளைஞர். அந்த நிமிடத்தோடு ஆட்டம் முடிந்திருந்தால் அவரைப் பற்றி என்ன எழுதியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஆட்டம் முடியவில்லை. அதன்பின் எண்பது நிமிடங்களுக்கு மேல் பெங்களூருவுக்கு இன்னொரு கோல் கிடைக்கவில்லை. இழப்பீட்டு நேரத்தில் மிக்கு ஒன்று அடித்தபோது சென்னை ஏற்கெனவே மூன்று அடித்திருந்தது. 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. அந்த எண்பது நிமிடங்களில் இடப்பக்கத்தில் என்ன நடந்தது? விங்கர் எத்தனை முறை உள்ளே வெட்டிச் செல்ல வழியின்றித் திரும்பினார், எத்தனை முறை பந்தைப் பின்னோக்கித் தள்ளினார்? நம் நினைவில் ஒன்றுமில்லை. அன்று சென்னையின் நாயகர் யார் என்றால் மெய்ல்சன் ஆல்வெஸ் என்பார்கள். அவரும் தடுப்பாட்டக்காரரே. ஆனால், அவர் தடுத்தவற்றுக்காக நினைக்கப்படவில்லை. முன்னே ஓடிவந்து தலையால் முட்டிய இரண்டு கோல்களுக்காக நினைக்கப்படுகிறார். கணக்கன் ஒருவன் தான் எழுதிய கணக்குக்காக அல்லாமல், அலுவலக ஆண்டு விழாவில் பாடிய பாட்டுக்காகப் பதவி உயர்வு பெறுவதைப் போன்றது இது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்டத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஏரியூர், பென்னாகரம் வட்டாரத்தில் பொங்கல் வந்தால் கபடிதான். பாடி வருபவர் ஒருவர், பிடிக்க நிற்பவர்கள் எழுவர். கபடியில் பிடித்தவருக்கும் புள்ளி உண்டு. இது கால்பந்தில் இல்லாத நியாயம். ஆனால், நான் வியப்பது வேறொன்றை. பாடி வந்தவர் யாரையும் தொடாமல், போனஸ் புள்ளியும் எடுக்காமல் வெறுங்கையோடு திரும்பினால் எவருக்கும் புள்ளியில்லை. புரோ கபடி லீக் அங்கே ஒரு விதியை வைத்தது. ஓர் அணி தொடர்ந்து இருமுறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது முறை பாடிச் செல்பவர் புள்ளி எடுத்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அவர் வெளியேற வேண்டும், எதிரணிக்கு ஒரு புள்ளி. அதாவது, அசையாமல், அவசரப்படாமல், ஆசை காட்டினாலும் பாயாமல் நின்ற தடுப்பாளர்களின் பொறுமை இப்போது எதிரணிக்கு நெருக்கடியாக மாறுகிறது. 'நிகழாமை'க்கு ஒரு விலையை அந்த விதி கண்டுபிடித்துவிட்டது. பெரிய பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறைகள் செய்யத் தவறியதைச் சடுகுடு விதி செய்திருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

புள்ளிவிவரங்கள் வந்துவிட்டனவே, இனிமேல் தடுப்பவருக்கு நீதி கிடைக்காதா என்று கேட்கலாம். இன்று ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் எத்தனை டேக்கிள், எத்தனை இடைமறிப்பு என்று எண்கள் கொட்டுகின்றன. ஆனால், டேக்கிள் என்பது பந்தைப் பறிக்க எடுக்கும் கடைசி முயற்சி. சரியான இடத்தில் முன்கூட்டியே நின்றுவிட்ட தடுப்பாட்டக்காரருக்கு அதற்குத் தேவையே வராது. விங்கருக்குப் பந்தே வந்து சேராது. எனவே டேக்கிள் எண்ணிக்கை குறைவது திறமை குறைந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம், திறமை முதிர்ந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். 2001-இல் மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன், யாப் ஸ்டாம் என்ற தடுப்பாட்டக்காரரை இத்தாலியின் லாசியோ அணிக்கு விற்றார். அவருடைய டேக்கிள்கள் குறைந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஸ்டாம் இத்தாலியில் மேலும் பல ஆண்டுகள் சிறப்பாக ஆடினார். விற்றது தவறு என்று ஃபெர்குசனே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

பொருளியலில் பெங்ட் ஹோம்ஸ்ட்ரோம், பால் மில்க்ரோம் இருவரும் 1991-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரை இதைத்தான் பேசுகிறது. ஒருவர் பல வேலைகளைச் செய்யும்போது அளக்கக்கூடிய வேலைக்கு மட்டும் பரிசு கொடுத்தால், அளக்க முடியாத வேலையை அவர் கைவிட்டுவிடுவார். தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்து ஆசிரியரை எடைபோட்டால் வகுப்பறையில் என்ன மிஞ்சும் என்பதைக் கல்வித் துறையில் இருந்தவர்கள் அறிவோம். டேக்கிள் எண்ணிக்கைக்குக் கைதட்டினால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பாய்ந்து விழும் தடுப்பாட்டக்காரர்களே உருவாவார்கள்.

அடுத்து விதிமீறல். மஞ்சள் அட்டையையும் சிவப்பு அட்டையையும் உலகக் கோப்பை முதன்முதலில் கண்டது 1970-இல். குற்றத்துக்கான தண்டனையை ஒரு விலையாகக் கருதி, ஆதாயத்தோடு ஒப்பிட்டே மனிதர்கள் முடிவெடுக்கிறார்கள் என்று கேரி பெக்கர் எழுதியது அதற்கு இரண்டாண்டுகள் முன்பு. தன்னைத் தாண்டிவிட்ட விங்கரின் சட்டையைப் பிடித்து இழுக்கும் தடுப்பாட்டக்காரர் பெக்கரைப் படித்தவர் அல்லர். ஆனால், அவர் செய்வது அந்தக் கணக்கைத்தான். ஒரு கோலைவிட ஒரு மஞ்சள் அட்டை மலிவு. விதியை வகுப்போரும் இதை உணர்ந்து விலையை ஏற்றிக்கொண்டே வந்தார்கள். உறுதியான கோல் வாய்ப்பை விதிமீறலால் கெடுத்தால் வெளியேற்றம் என்ற கடுமை 1990-க்குப் பிறகு வந்தது. எதிராளிக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் பின்னாலிருந்து சாய்ப்பதற்குச் சிவப்பு அட்டை என்பது 1998-இல் வந்தது. ஆக, 1980-இல் ஆடியவர் வேறொரு விலைப்பட்டியலின்கீழ் ஆடினார். அன்றைய செயலை இன்றைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பளிப்பது முறையாகாது.

ஒப்பீட்டுக்கு ஒன்று. அந்தக் கல்கத்தா ஆட்டத்துக்கு இரண்டாண்டுகளுக்குள், 1982 ஜூன் 29 அன்று பார்சிலோனாவில் உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் இத்தாலியும் அர்ஜென்டீனாவும் மோதின. மரடோனாவைத் தடுக்க நிறுத்தப்பட்டவர் கிளாடியோ ஜென்டிலே. அந்த ஆட்டத்தில் மரடோனாவுக்கு எதிராகப் பதிவான விதிமீறல்கள் 23. ஜென்டிலே பெற்றது ஒரு மஞ்சள் அட்டை மட்டும். ஆட்டம் முழுவதும் களத்தில் இருந்தார். இத்தாலி 2-1 என வென்றது, பின்னர் கோப்பையையும் வென்றது. அந்த ஆட்டத்தைப் 'பிடிவாதத் தடுப்பாட்டத்தின் பாடம்' என்று புகழ்ந்து எழுதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பார்சிலோனாவின் மாடங்களில் எவரும் சாகவில்லை என்பதைத் தவிர, அவரும் பாலித்தும் செய்த வேலையில் அடிப்படை வேறுபாடு என்ன? விளைவைப் பார்த்துவிட்டுச் செயலுக்கு மதிப்பெண் போடுகிறோம். மாணவரின் விடைத்தாளை இப்படித் திருத்தினால் மறுகூட்டலுக்கு விண்ணப்பிப்பார்கள்.

விங்கரை அடித்து வீழ்த்துவதை நான் நியாயப்படுத்தவில்லை. பிதேஷ் போஸின் கால்களும் பாதுகாக்கப்பட வேண்டியவையே. முதலில் தாக்கியவருக்கும், வலியில் திருப்பித் தாக்கியவருக்கும் ஒரே தண்டனை கிடைத்தது அவருக்குக் கசந்திருக்கும். ஆனால், அன்று ஆட்டம் தொடக்கம் முதலே முரட்டுத்தனமாக இருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. அப்படியானால், அந்த முரட்டுத்தனத்துக்கு இரண்டாம் பாதி வரை விலை வசூலிக்கப்படவில்லை என்றே பொருள். டெர்பியில் நடுவரின் கை கூட்டத்தின் ஓசைக்குக் கட்டுப்படுவது புதிதல்ல. ஸ்பெயின் லீக் ஆட்டங்களை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று, உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர்கள் கூடுதல் நேரத்தை அதிகமாகவும், முன்னிலையில் இருந்தால் குறைவாகவும் கொடுத்தனர் என்று காட்டியது. கரோனா காலத்தில் வெறும் மைதானங்களில் ஆட்டங்கள் நடந்தபோது, வெளியூர் அணிக்கு மட்டும் கூடுதலாகக் கிடைத்துவந்த மஞ்சள் அட்டைகள் பல நாடுகளில் குறைந்தன.

கல்கத்தாவின் அன்றைய சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1980 பருவம் தொடங்குமுன் ஈஸ்ட் பெங்காலின் முன்னணி வீரர்கள் பலர் அணியைவிட்டுச் சென்றிருந்தனர். பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி, எஞ்சியவர்களையும் ஈரானிலிருந்து வந்த மஜித், ஜாம்ஷிட் ஆகிய இளைஞர்களையும் வைத்து ஓர் அணியைக் கட்டினார். எதிரே மோகன் பகானில் வலப்பக்கம் மானஸ் பட்டாச்சார்யா, இடப்பக்கம் பிதேஷ் போஸ். இரட்டையராகவே பேசப்பட்ட விங்கர்கள். இத்தகைய ஆட்டத்தில் விங்கரை எப்படியாவது நிறுத்து என்பது தடுப்பாட்டக்காரர் தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் கட்டளையாக மட்டும் இருக்க முடியாது. பயிற்சியாளர், சங்க நிர்வாகம், மாடத்திலிருந்து கூவும் ஆயிரக்கணக்கானோர் என எல்லோரும் அதில் கையெழுத்திட்டவர்கள். பிறகு கணக்குக் கேட்கும்போது மட்டும் ஒரே கையெழுத்து கண்ணில் படுகிறது.

இதில் ஒரு வரலாற்று விந்தையும் உண்டு. ஈஸ்ட் பெங்கால் சங்கம் பிறந்ததே இப்படியொரு மதிப்பீட்டுச் சண்டையில்தான். 1920 ஜூலையில் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபகான் சங்கம் சைலேஷ் போஸ் என்ற பின்வரிசை வீரரைச் சேர்க்காமல் விட்டது. அச்சங்கத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி சினந்து வெளியேறினார். அடுத்த மாதத் தொடக்கத்திலேயே புதிய சங்கம் உருவாயிற்று. மறுபக்கம் மோகன் பகானின் பெருமைக்குரியவர்களில் ஒருவர் 'சீனப் பெருஞ்சுவர்' என்று பெயர் பெற்ற கோஷ்டோ பால்; வெறுங்காலோடு ஆடிய தடுப்பாட்டக்காரர், கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர், 1962-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய சிலை ஈடன் கார்டன்ஸ் அருகிலேயே நிற்கிறது. தடுப்பவரின் அருமையை அறியாத நகரமல்ல அது.

அப்படியிருந்தும் 16 உயிர்களின் பொறுப்பு ஓர் உதையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாடத்தில் இரு அணிகளின் ரசிகர்களும் தடுப்பின்றிக் கலந்து அமர்ந்திருந்தனர். மைதானம் கிரிக்கெட்டுக்காக எழுப்பப்பட்டது. மேல்தளத்திலிருந்து இறங்கும் வழிகள் ஓடிவரும் கூட்டத்தைத் தாங்கவில்லை. இவை எதுவும் அந்த விதிமீறலால் உண்டானவை அல்ல; அன்று காலையிலேயே இருந்தவை. டெர்பியில் விதிமீறல் நடக்கும் என்பது சூரியன் மறையும் என்பதைப் போல முன்கூட்டியே தெரிந்த செய்தி. தெரிந்த தீப்பொறிக்குப் பக்கத்தில் வைக்கோலை அடுக்கியவர் யார் என்ற கேள்வியை விட்டுவிட்டுத் தீப்பொறியின் குணநலனை ஆராய்ந்துகொண்டிருந்தோம். பல இலட்சம் மக்கள் வாழும் நகரத்தில் ஒருவரைக் குற்றவாளியாக்குவது செலவில்லாத வேலை. மாடங்களைப் பிரித்துக் கட்டுவதும், நுழைவுச்சீட்டை வரம்புக்குள் விற்பதும், வாயில்களை அகலப்படுத்துவதும் பணம் கேட்கும் வேலை.

இது பழங்கதையாக இருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாயில்களில் கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்தவர்களில் 11 பேர் நெரிசலில் இறந்தனர். அங்கே விதிமீறலும் இல்லை, சிவப்பு அட்டையும் இல்லை; அன்று ஆட்டமே இல்லை. சுட்டிக்காட்ட ஒரு தடுப்பாட்டக்காரர் இல்லாததால், வாயில்களையும் அனுமதியையும் காவல் ஏற்பாட்டையும் பற்றி முதல் நாளிலிருந்தே கேட்க வேண்டியதாயிற்று. 1980-இலும் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவைதான்.

2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை டெர்பி ரத்து செய்யப்பட்டது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரம் கொந்தளித்துக் கொண்டிருந்த நேரம். போதிய காவலர் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஆட்டம் இல்லாத மைதானத்தின் வெளியே ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ரசிகர்கள் தத்தம் அணிச் சட்டையோடு திரண்டு, மழையும் தடியடியும் பாராமல் ஒரே குரலில் நீதி கேட்டனர். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டனர். இரு நிறங்களும் ஒரே இடத்தில் கலந்து நின்றால் ரத்தம் சிந்தியே தீரும் என்று நம்பியவர்களுக்கு அது புதிய காட்சி.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று அதே கோப்பையின் காலிறுதியில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என வென்றது. முதல் கோல் பெனால்டியில் வந்தது. அடித்தவர் டியமந்தகோஸ், இரண்டாவதும் அவருடையதே. பெனால்டிக்குக் காரணமான தடுப்பாட்டக்காரரைப் பற்றி மறுநாள் எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் கைப்பேசியில் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் சொன்ன கருத்தை அச்சில் ஏற்ற இயலாது. அதற்கு முன்பு அதே விங்கர்களை அந்தத் தடுப்பாட்டக்காரர் எத்தனை முறை திருப்பியனுப்பினார் என்று கேட்டேன். அந்தக் காணொளி நாற்பது விநாடிகளே ஓடுகிறது என்றார் அவர்.